உழைப்புக்கு வரவேற்பு, உரிமைக்கு மறுப்பு

  

நாட்டின் வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் குடிவரவுச் சட்டம். உள்ளே வந்தவனுக்கு மருந்தும் கல்வியும் நியாயமான கூலியும் உண்டா என்று தீர்ப்பது சமூகநலச் சட்டம். இவ்விரண்டையும் வெவ்வேறென எண்ணுகின்றோம். அவை ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை மலைநாட்டு வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியத் தமிழர் கடல் கடந்து, மன்னார்க் காடுகளூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வழியிலே மாண்டோர் பலர். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872 இலும் 1912 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இந்தியாவின் 1922 ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம் நெருக்கியதனால், இங்கே 1923 இல் குடிவரவுத் தொழிலாளர் சட்டமும், 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பிறந்தன.

இவை நன்மைகளே, நாம் மறுக்கவில்லை. ஆனால், எவர் பெயரால் வந்தன? குடிமகன் பெயராலன்று, வரவழைக்கப்பட்ட கூலியின் பெயரால். மாடு வாங்கியவன் தொழுவங் கட்டுவது போலத் துரைமார் லயன்களைக் கட்டினர். தொழுவம் என்றேனும் மாட்டுக்கு உரிமையானதுண்டோ?

1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் பல்லாண்டு காலம் தோட்டங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையின் பிறப்பைக் கேட்டது. ஆவணம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947 இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 இல் ஒருவரையும் அனுப்ப இயலாது நின்றனர். வாக்கில்லாதவன் பசியை எந்த மந்திரி பொருட்படுத்துவான்? அன்று வடபுலப் பிரதிநிதிகளும் ஒருமித்து நிற்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

1964 ஒப்பந்தம் 9,75,000 உயிர்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். நாடற்றோர் நிலை 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் நீங்கியது. நீங்கிய பின்னும் பழைய வேலி விழவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டப் பாதைக்குப் பொதுநிதியைச் செலவிட இடந்தரவில்லை. அதனைத் திருத்த 2018 வரை காத்திருக்க நேர்ந்தது!

அன்பர்களே! கூலியாளன் என்பதற்காக அளிக்கப்பட்ட நலம், கூலியாள் வேண்டாதபோது பறிக்கப்படும். மனிதன் என்பதற்காக அளிக்கப்படும் நலமே நிலைக்கும். இந்தப் பாடம் நமக்குந்தான். 1977 வன்செயலுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தோர், நம் வயல்களிலே நாட்கூலிக்கு நின்றனர். அவர்தம் பிள்ளைகளுள் காணியின்றி வாழ்வோர் இன்னும் உளர். துரையின் வழக்கை நாமும் தொடரலாமா? அறிஞர்களே, அவர்தம் காணி ஆவணங்களை எழுதிக் கொடுக்க முன்வாருங்கள். உழவர்களே, அவர்களை அயலவராக மதித்து, வரப்பின் மறுபுறத்தில் அவர்களுக்கும் ஒரு வரப்பு அமைய வழிவிடுங்கள். உழைப்பை வரவேற்ற மண், உழைத்தவனையும் ஏற்கட்டும்!