தன்மைநோக்கில் பறத்தல்: சிறு வானூர்தியும் தமிழ் வினையும்



இன்றைய பொழிவின் பொருளைக் கேட்டதும் நண்பர்கள் சிலர் ஐயம் எழுப்பினர். மொழிக்கென அமைந்த ஓர் அவையில், ஆளில்லாச் சிறு வானூர்திகளைக் கட்டுவது, பறக்கவிடுவது, வீழ்ந்தபின் செப்பனிடுவது பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அவர்தம் வினா. வார இறுதிகளில் மாணவரோடு மேசையைச் சுற்றி அமர்ந்து இக்கலங்களைக் கட்டிவரும் நாங்கள், அவ்வினாவுக்கு விடையாகவே இப்பொழிவை அமைத்துக்கொண்டோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். இப்பொருளைத் தமிழில் எடுத்த மாத்திரத்தில் புறநானூற்றின் 27ஆம் பாடல் மேடைக்கு வந்துவிடுவது வழக்கம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய அப்பாடலில், செலுத்துவோன் இன்றியே செல்லும் வான ஊர்தி பேசப்படுவது உண்மை. ஆயின் அது புலவர் பாடும் புகழுடையோர் விண்ணுலகு எய்தும் ஊர்தி. அதனைப் பொறியியல் சான்றாகக் காட்டுவது பாடலுக்கும் பொறியியலுக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்கு. அங்கிருந்து நாங்கள் கடன் பெறுவது ‘வலவன்’ என்னும் ஒரு சொல்லை மட்டுமே. தேரைச் செலுத்துவோனைக் குறித்த அச்சொல், தொலைவில் நின்று கலத்தைச் செலுத்துவோனுக்கும் நன்கு பொருந்துகிறது.

எஃப்பிவி என்று ஆர்வலர் சுருக்கமாக வழங்கும் முறையில், கலத்தின் முகப்பில் ஒரு சிறு கேமரா இருக்கும். அது காணும் காட்சியை வானொலி அலைகள் ஏந்திவந்து வலவன் அணிந்திருக்கும் கண்ணாடியில் காட்டும். அப்பெயரின் ஆங்கில விரிவில் உள்ள இலக்கணச் சொல்லுக்கு நம்மிடம் நேர்ச்சொல் உண்டு. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று தொடக்கநிலையிலேயே கற்கிறோமே, அத்தன்மைதான். எனவே இம்முறையைத் ‘தன்மைநோக்கு’ என்று வழங்கி வருகிறோம்.

இப்பெயர் அழகுக்காக இட்டதன்று. தரையில் நின்று வெறுங்கண்ணால் பார்த்துக் கலத்தைச் செலுத்துபவருக்கு, கலம் விலகிச் செல்லும்போது அதன் வலமும் அவர் வலமும் ஒன்று. அது திரும்பி அவரை நோக்கி வரும்போது அதன் வலம் அவருக்கு இடமாகிவிடும். புதிதாய்ப் பழகுவோர் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். கண்ணாடியை அணிந்துகொண்டால் அக்குழப்பம் அகன்றுவிடுகிறது. பேச்சும் உடனே மாறிவிடுகிறது. ‘அது மரத்தில் மோதியது’ என்று சொல்லிவந்த மாணவர், ‘நான் மரத்தில் மோதிவிட்டேன்’ என்கிறார். படர்க்கை தன்மையாக மாறுவதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இலக்கணப் பாடம் வேறொன்றை நாங்கள் அறியோம்.

கலத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்வோம். கரிம இழையால் ஆன சட்டகம். நான்கு மூலைகளிலும் நான்கு மோட்டார்கள். அவற்றின்மேல் 5 அங்குல விசிறிகள். இரண்டு விசிறிகள் வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழலும். எதிரெதிர் மூலைகளில் உள்ளவை ஒரே திசையில் சுழல்வன. நான்கும் ஒரே திசையில் சுழன்றால் எதிர்விசையால் கலத்தின் உடலே பம்பரமாகிவிடும். மோட்டாரின்மேல் 1750 கேவி என்று பொறித்திருந்தால், பளுவின்றி ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 1,750 சுற்று என்று பொருள். ஆறு அறைகள் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி முழுதும் நிறைந்த நிலையில் 25.2 வோல்ட் தரும். பெருக்கிப் பாருங்கள்: 44,100 சுற்று. விசிறி பூட்டியபின் காற்றின் தடையால் அது குறையும். ஆயினும் விரலுக்கு அது போதிய எச்சரிக்கை. அதனால்தான் மேசைமேல் சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் நாங்கள் எவர்க்கும் விலக்கு அளிப்பதில்லை.

நடுவில் அமர்ந்திருப்பது கட்டுப்பாட்டுப் பலகை. அதிலுள்ள ஜைரோ என்னும் சுழற்சி உணரி நொடிக்கு 8,000 முறை வரை கலத்தின் அசைவை அளக்கும். வலவன் கேட்ட சுழற்சிக்கும் நிகழ்ந்த சுழற்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்து, எந்த மோட்டாரை விரைவாக்குவது, எதனைத் தணிப்பது என்று பலகை முடிவுசெய்யும். இதனை இயக்கும் பீட்டாஃபிளைட் என்னும் மென்பொருள், எவரும் திறந்து படிக்கவும் திருத்தவும் தக்கது. அதன் குலமுறையைப் பின்னோக்கித் தொடர்ந்தால், 2010ஆம் ஆண்டளவில் அலெக்சாந்தர் துபூ என்னும் பிரெஞ்சு ஆர்வலர் தொடங்கிய மல்ட்டிவீ என்னும் திட்டத்தில் சென்று நிற்கும். நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியில் இருந்த உணரியைக் கழற்றிப் பறக்கும் கலத்தில் வைத்ததனால் வந்த பெயர் அது. ஒரு விளையாட்டுப் பொருளைப் பிரித்துப் பார்த்ததில் பிறந்த கலை இது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம், பெற்றோர்களும் கொள்ளலாம்.

இனிக் கட்டும் வேலைக்கு வருவோம். திருகாணிகளை முடுக்குவது எளிது. கலத்தின் உயிர் இருப்பது கம்பிகளைப் பற்றவைக்கும் இடங்களில். நாங்கள் பயன்படுத்துவது 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த கம்பி. அது 183 பாகை செல்சியசில் உருகும். மேசையில் அனைவரும் இதனைச் சால்டர் என்றே சொல்கிறார்கள். தமிழில் இதற்குப் பெயர் உண்டா என்று ஒரு மாணவி கேட்டார். பற்றாசு என்றோம். பொற்கொல்லர் பட்டறைச் சொல் அது. அவர்கள் வெங்காரத்தை இட்டு உலோகத்தின் மேற்பரப்பைத் தூய்மையாக்கிப் பற்றவைப்பர். இங்கே அப்பணியைக் கம்பியின் உள்ளிருக்கும் பைன் மரப் பிசின் செய்கிறது. யாப்பிலக்கணம் கற்ற ஆசிரியர்களுக்கு அச்சொல்லின் பாதி வேறிடத்திலும் கேட்டிருக்கும். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை முன்னுள்ள சீரோடு இணைக்க ஓரசையோ ஈரசையோ இடைப்பெய்தால், அதனை ஆசிடை நேரிசை வெண்பா என்கிறோம். உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு போன்றது என்பதால் அவ்வசைக்கு ஆசு என்று பெயர். பட்டறையிலிருந்து சொல்லை எடுத்துக்கொள்ள யாப்பு நாணவில்லை. அன்று அந்த மாணவிக்கு வெண்பாவும் விளங்கியது, பற்றாசும் விளங்கியது.

பற்றவைப்பதில் நேரும் பழுதுகளுள் மிகுதியானது ஒன்று. உருக்குக்கோலால் பற்றாசை மட்டும் சூடாக்கிக் கம்பியின்மேல் சொட்டவிடுவார்கள். அது பளபளப்பின்றி உருண்டு நிற்கும், பற்றியதுபோல் தோன்றும், பற்றியிராது. கம்பியையும் செம்புத் தட்டையும் சூடாக்கி, அச்சூட்டால் பற்றாசு தானே உருகிப் பரவுமாறு செய்தல் வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பி சேரும் தட்டு பெரிதாதலால் அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே மெல்லிய நுனி பயன்படாது. அகன்ற நுனி வேண்டும்.

இப்போது வீழ்ச்சிக்கு வருகிறோம். இப்பொழிவின் நடுப்பகுதி இதுவே. இக்கலையில் வீழாதவர் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கலத்தின் காட்சி வலவனின் கண்ணை அடைய 30 மில்லிநொடி தாமதமானால், அதற்குள் கலம் 80 சென்டிமீட்டருக்கு மேல் முன்னேறியிருக்கும். மரக்கிளைக்கு அது போதும்.

உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவர் ஒருவரின் கலம் திடலின் நடுவே வீழ்ந்தது. என்ன நேர்ந்தது என்று கேட்டோம். ‘திடீர்னு விழுந்துருச்சு’ என்றார். செப்பனிடுவோர்க்கு இதைவிடப் பயனற்ற வாக்கியம் இல்லை. மேற்கொண்டு கேட்டால் அவர் ஆங்கிலத்துக்குத் தாவினார். அங்கும் அதே வாக்கியந்தான் வந்தது. எனவே குறை எம்மொழியிலும் இல்லை என்பது தெரிந்தது. நிகழ்ந்ததை வரிசையாகப் பிரித்துக் காணும் பழக்கந்தான் இன்னும் அமையவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டோம். கண்ணாடியில் படம் முதலில் அறுந்ததா, தரையைத் தொடும்வரை இருந்ததா? இருந்தது. அப்படியானால் பேட்டரியும் காட்சி அனுப்பும் கருவியும் பழுதில்லை. கட்டளை இழப்பு எச்சரிக்கை திரையில் தோன்றியதா? இல்லை. தொடுவானம் எப்பக்கம் சுழன்றது? சிறிது எண்ணி, பின் எழுதினார்: மரத்தைத் தாண்டி, வலப்புறம் திரும்பி, விசையைக் கூட்டியபோது, முன்வலப்பக்கம் சாய்ந்து, இடஞ்சுழியாகச் சுழன்று, படம் அறாமலே தரையில் வீழ்ந்தது.

அவ்வொரு வாக்கியத்தில் பழுது தன் இருப்பிடத்தைக் காட்டிவிட்டது. ஒரு மோட்டார் நின்றுபோனால் கலம் அந்த மூலைப் பக்கம் சாயும். நின்ற விசிறி எத்திசையில் சுழன்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே உடல் சுழலும். அவர் கலத்தில் முன்வலப்பக்க விசிறி இடஞ்சுழி. இரண்டும் ஒத்துவந்தன. விசிறிகளைக் கழற்றிவிட்டு, அம்மோட்டாரின் மூன்று கம்பிகளையும் மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னோம். நடுக்கம்பி கையோடு வந்தது. நாம் முன்னர்ச் சொன்ன, பற்றியதுபோல் தோன்றிய பற்றாசு.

ஆசிரியர்கள் அவ்வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டுகிறோம். தாண்டி, திரும்பி, சாய்ந்து, சுழன்று, அறாமலே: ஐந்தும் வினையெச்சங்கள். நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையைக் காத்துவைக்கத் தமிழ் தந்துள்ள கருவி அது. ‘கட்டளை அறுந்திருந்தால் எச்சரிக்கை தோன்றியிருக்கும், தோன்றவில்லை’ என்று ஓர் ஊகத்தை விலக்கும்போது நாம் கையாள்வது நிபந்தனை எச்சம். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பவென்று மாணவர் கற்கும் இவை, பழுதாய்வுக்கு இன்றியமையாதவை. ஆகவே எங்கள் மேசையில் பெயர்ச்சொற்களைப் பற்றி நாங்கள் மிகவும் அலட்டிக்கொள்வதில்லை. மோட்டார், கேமரா, பேட்டரி என்று கடையில் என்ன பெயரோடு வருகின்றனவோ அப்பெயரோடே இருக்கட்டும். வினைகளில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. கலம் சாய்ந்ததா, சரிந்ததா, கவிழ்ந்ததா, புரண்டதா என்று வேறுபடுத்திச் சொல்லியாக வேண்டும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பெயர்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இத்தகைய வினைகளுக்கும் செலவிடலாம் என்பது எங்கள் கருத்து. இதனை ஏற்காதவர்கள் இவ்வவையில் இருக்கக்கூடும். கேள்வி நேரத்தில் கேட்க ஆவலாக உள்ளோம்.

வீழ்ந்த கலத்தை எடுத்தபின் செய்வனவற்றுக்கும் ஒரு முறை உண்டு. நம் திடல்களில் மாலை மழைக்குப்பின் புல் நனைந்தே கிடக்கும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். நசுங்கிய பேட்டரியை மீண்டும் மின்னேற்றக் கூடாது; சிறிது நேரம் கழித்துக்கூடத் தீப்பற்றும் இயல்பினது அது. மோட்டாரைக் கையால் சுழற்றி உரசல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் உள்ளிருக்கும் காந்தங்கள் மண்ணிலுள்ள இரும்புத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். விசிறி சற்றே வளைந்திருந்தாலும் மாற்றிவிடுவது நன்று; அதன் நடுக்கம் ஜைரோவைக் குழப்பும்.

2023இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஸ்விஃப்ட் என்னும் அவர்களின் செயற்கை நுண்ணறிவுக் கலம், தன்மைநோக்குப் பந்தயத்தின் முன்னணி வீரர் மூவரோடு மோதிப் பந்தயங்களில் வென்றது. அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்ட ஒரு செய்தி எங்களை ஈர்த்தது. மனித வலவர் முழு வேகத்தில் மோதினாலும், கருவி இயங்கும் நிலையில் இருந்தால் எழுந்து மீதித் தொலைவைப் பறந்து முடிப்பர். ஸ்விஃப்ட்டுக்கு மோதியபின் மீளும் பயிற்சி அளிக்கப்படவில்லை. 2018இல் ஷென்சென் நகரில் நடந்த முதல் உலகப் பந்தயத்தில் வாகை சூடிய ரூடி பிரவுனிங் என்னும் ஆஸ்திரேலியருக்கு அப்போது வயது 15. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர் பலரின் வயது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் 2020 ஜனவரி 2 முதல், மொத்த எடை 250 கிராமுக்கு மேற்பட்ட கலங்களை வெளியில் பறக்கவிடுமுன் பதிவுசெய்தல் கட்டாயம். 5 அங்குலக் கலம் பேட்டரியோடு அவ்வெல்லையை எளிதில் தாண்டும். விமான நிலையங்களுக்கு அருகில் கட்டுப்பாடுகள் கடுமையானவை. வலவன் கண்ணாடி அணிந்திருக்கும்போது கலத்தை வெறுங்கண்ணால் பின்தொடரும் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். அவர் பேசுவதோ படர்க்கையில்: ‘அது மரத்தை நெருங்குகிறது.’ தொடக்கநிலையினர்க்கு உள்ளங்கையில் அடங்கும் சிறு கலங்கள் போதும். முப்பது கிராம் அளவே உள்ள அவை விசிறிகளைச் சுற்றி வளையம் கொண்டவை. பள்ளி மண்டபத்தில் நாற்காலிகளுக்கு இடையே பறக்கத் தக்கவை.

மண்டபத்தின் பின்புற மேசையில் மூன்று கலங்களை வைத்துள்ளோம். விசிறிகளைக் கழற்றிவிட்டோம், அச்சமின்றித் தொட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டும் இயங்கும். மூன்றாவதன் பின்இடப்பக்க மோட்டார் தொடங்கும்போது துடிக்கிறது, ஆனால் சுழல்வதில்லை. மற்ற மூன்றும் சுழல்கின்றன. அதனருகே ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் உள்ளன. தேநீர் இடைவேளையில் மாணவர்கள் காரணத்தை ஊகித்து எழுதலாம். ‘திடீரென்று’ என்னும் சொல்லை மட்டும் பயன்படுத்தக் கூடாது.