பயண நூலும் நண்பர் கூட்டமும்

ஒருவர் நெடுந்தொலைவு பயணம் செய்கிறார். கண்டவற்றையும் பட்டவற்றையும் ஒரு நூலாக எழுதுகிறார். பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. முன்வந்தவரோ நூலின் உரிமையையே கேட்கிறார். ஆதலின் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தாமே அச்சிடுகிறார். அச்சகத்திலிருந்து புத்தகங்கள் கட்டுக்கட்டாக வீடு வந்து சேர்கின்றன. கூடத்தில் பாதியை அடைத்துக்கொள்கின்றன. அன்றுதான் அவருக்கு ஓர் உண்மை விளங்குகிறது. பயணம் செய்வது அரிது. அதை எழுதுவது அதனினும் அரிது. எழுதியதை மற்றொருவர் கையில் சேர்ப்பதோ எல்லாவற்றினும் அரிது.

இந்த இடர்ப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை எதிர்த்து நின்ற இருவரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். ஒருவர் ஆப்பிரிக்க இனத்தவர், மற்றவர் இந்தியர். இருவரும் ஆங்கிலத்தில் எழுதினர். தாமே முயன்று தம் நூல்களை வெளியிட்டனர். பெரிய பதிப்பகம் எதுவும் அவர்களைத் தாங்கவில்லை, நண்பர்களே தாங்கினர்.

அக்காலத்து முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். நூல் அச்சாகும் முன்னரே ஆசிரியர் ஓர் அறிக்கை வெளியிடுவார். விரும்புவோர் தம் பெயரைப் பதிந்து, விலையில் ஒரு பகுதியை முன்பணமாகத் தருவர். அவர்களுடைய பெயர்கள் நூலில் அச்சாகும். இம்முறையை நம் தமிழ்ப் பெரியோர் 'கையொப்பம் பெறுதல்' என்று வழங்கினர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, அன்பர்களிடம் கையொப்பம் சேர்த்தே அச்சுச் செலவுக்கு வழி தேடினார். ஆகவே இது நமக்குப் புதிய செய்தியன்று.

இனி முதல்வரைக் காண்போம். ஒலௌடா எக்வியானோ என்பது அவர் பெயர். இளமையிலேயே அடிமையாக விற்கப்பட்டவர். கப்பல்களில் ஊழியம் செய்து பல கடல்களைக் கண்டவர். மேலைத்தீவுகளில் சிறு வணிகம் செய்து காசு காசாகச் சேர்த்து, 1766ஆம் ஆண்டில் 70 பவுன் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டவர். பின்னர் மத்தியதரைக் கடலிலும் பயணம் செய்தார். 1773ஆம் ஆண்டில் வடதுருவக் கடலை நாடிச் சென்ற குழுவிலும் இருந்தார். இவற்றையெல்லாம் தம் வாழ்க்கை வரலாறாக எழுதி 1789ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்டார்.

அந்நாளில் எழுத்தாளர் பலர் நூலின் உரிமையைப் புத்தக வணிகரிடம் ஒரு தொகைக்கு விற்றுவிடுவது வழக்கம். எக்வியானோ அவ்வாறு செய்யவில்லை. தன்னையே விலை கொடுத்து மீட்டவர் அல்லவா? தம் கதையை விலைக்கு விற்க அவர் ஒருப்படவில்லை. உரிமையைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு, கையொப்பம் சேர்க்கத் தொடங்கினார். முதற்பதிப்பில் 311 பெயர்கள் இருந்தன. வேல்சு இளவரசர் பெயர் அதில் உண்டு. மட்பாண்டத் தொழிலில் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பெயரும் உண்டு. அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட நல்லோர் பலர் பெயர்களும் அங்கே அணிவகுத்தன.

பெயர்ப் பட்டியல் கிடைத்ததும் அவர் ஓய்ந்து அமர்ந்துவிடவில்லை. நூற்கட்டுகளுடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். ஓர் ஊரிலுள்ள நண்பர் அடுத்த ஊரிலுள்ள தம் நண்பருக்கு ஓர் அறிமுகக் கடிதம் தருவார். அக்கடிதமே எக்வியானோவுக்கு வழிச்சீட்டு. தாமஸ் கிளார்க்சன் என்னும் சீர்திருத்த வீரர், நூலை விற்பதில் இவருக்கு உதவுமாறு கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் அறிஞருக்கு 1789இலேயே கடிதம் எழுதினார். இவ்வாறு ஒரு கை மற்றொரு கையைத் தேடித் தர, பர்மிங்காம், மான்செஸ்டர், ஷெஃபீல்டு, நாட்டிங்காம் எனப் பல நகரங்களுக்கு நூல் சென்றது. 1791இல் அயர்லாந்துக்குச் சென்று எட்டரை மாதம் தங்கினார். அங்கே 1,900 படிகள் விற்றதாகத் தாமே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில் தாம் மணம் செய்துகொள்ளப் போவதையும் குறிப்பிடுகிறார். மணம் முடிந்து எட்டுப் பத்து நாள் மனைவியுடன் இருந்துவிட்டு, நேரே ஸ்காட்லாந்துக்குப் போய்ப் புதிய பதிப்பை விற்கப் போவதாகவும் எழுதுகிறார்! அவருடைய ஊக்கத்துக்கு வேறு சான்று வேண்டுமோ?

நண்பர்கள் நூலை விற்க மட்டுமா உதவினர்? இல்லை. ஒரு பெருஞ்சோதனை வந்தபோது அவர்களே அரணாக நின்றனர். 1792ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டன் செய்தித்தாள்கள் இரண்டு அவர்மீது ஒரு பழி சுமத்தின. இவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவரே அல்லர். டென்மார்க்குக்கு உரிய சாந்தா குரூசுத் தீவில் பிறந்தவர் என்று எழுதின. நேயர்களே, இதன் கொடுமையை எண்ணிப் பாருங்கள். அடிமை வணிகத்தின் கொடுமையைக் கண்ணாரக் கண்டவன் நான் என்பதே அந்நூலின் உயிர். அந்த உயிர்நிலையிலேயே அடி விழுந்தது. அப்பொழுதுதான் அடிமை வணிகத்தை ஒழிக்கவேண்டும் என்ற வேண்டுகோள்கள் பாராளுமன்றத்தில் குவிந்துகொண்டிருந்தன. நூல் பொய்யென்றால் ஒரு மனிதர் மட்டுமா வீழ்வார்? அவர் பேசிய நியாயமும் உடன் வீழும்.

எக்வியானோ வசைக்கு வசை கூறவில்லை. அவ்வாண்டே வெளிவந்த புதிய பதிப்பின் முகப்பில், தாம் முதன்முதல் இங்கிலாந்தில் கால் வைத்தபோது ஆப்பிரிக்க மொழியன்றி வேறு மொழி அறியாதிருந்ததை நேரில் கண்டவர்களின் பெயர்களைக் கூறி மறுப்பு எழுதினார். தம்மைப் பற்றி நண்பர்கள் தந்த நற்சான்றுக் கடிதங்களையும் சேர்த்துக்கொண்டார். விற்பனைக்கு வந்த பெயர்கள் வாய்மைக்குச் சாட்சிகளாயின. 1794ஆம் ஆண்டுக்குள் ஒன்பது பதிப்புகள் வந்தன. டச்சு, ஜெர்மன், ருஷிய மொழிகளிலும் நூல் பெயர்க்கப்பட்டது. 1797இல் அவர் மறைந்தார். பத்தாண்டு கழித்து, 1807இல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் கரோலினாவில் பிறந்தார் என்று குறிக்கும் பழைய ஞானமுழுக்குப் பதிவு ஒன்றும், கப்பல் பதிவு ஒன்றும் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டன. எது மெய் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நண்பர்களின் சான்று ஒரு காலத்துக்குப் போதும். எக்காலத்துக்கும் போதுமானது என்று கூற இயலாது. நூலாசிரியன் எழுதும் ஒவ்வொரு சொல்லும் நூறாண்டு கழித்தும் வினவப்படும் என்பதை இதனால் அறிகிறோம்.

இரண்டாமவர் நம் நாட்டவர். பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முகம்மது. அவருடைய தந்தை கும்பினிப் படையில் பணிபுரிந்து போரில் மாண்டார். பத்து வயதளவில் தந்தையை இழந்த சிறுவன், பேக்கர் என்ற இளம் அதிகாரியுடன் படைமுகாமுக்குச் சென்றான். அங்கேயே வளர்ந்து சுபேதாராகவும் உயர்ந்தான். பின்னர்ப் பணியைத் துறந்து, அந்த அதிகாரியுடன் கப்பலேறி, 1784ஆம் ஆண்டில் அயர்லாந்திலுள்ள கார்க் நகருக்கு வந்தான். அங்கே ஆங்கிலம் பயின்று, அவ்வூர்ப் பெண் ஒருத்தியை மணந்து குடியமர்ந்தான்.

வந்து ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துத் தம் இந்தியப் பயணங்களை நூலாக்க எண்ணினார் தீன் முகம்மது. 1793இல் செய்தித்தாளில் அறிக்கை வெளியிட்டார். அதனோடு நில்லாமல், தென் அயர்லாந்தின் பெருங்குடும்பங்களின் வாயில்களுக்குத் தாமே நடந்து சென்றார். அயல்நாட்டவர், வேற்று மதத்தில் பிறந்தவர், அதுவரை ஒரு நூலும் எழுதாதவர். ஆயினும் 320 பேர் அவரை நம்பிக் கையொப்பமிட்டனர். பிரபுக்களும் குருமாரும் படை அதிகாரிகளும் அவர்களுள் இருந்தனர். பெண்மணிகளும் பலர் இருந்தனர். 1794இல் நூல் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் இதுவே என்பர்.

அந்நூலின் அமைப்பைப் பாருங்கள். 38 கடிதங்கள்! பெயர் கூறாத ஒரு நண்பரை விளித்து எழுதிய கடிதங்கள். பல்லக்கும் வெற்றிலையும் யானையும் திருமணச் சடங்கும் அக்கடிதங்களில் வருகின்றன. நண்பர்களை நம்பி வெளிவந்த நூல் நண்பனுக்கு எழுதும் கடிதமாகவே அமைந்தது எவ்வளவு பொருத்தம்! படிப்பவர் ஒவ்வொருவரும் இது எனக்கே எழுதியது என்று எண்ணியிருப்பர்.

ஆனால் நட்புக்கும் ஒரு விலை உண்டு. அவருக்குக் கையொப்பமிட்டவர் பலர் கும்பினியோடு தொடர்புடையோர். நூலும் கும்பினிப் படைத் தலைவர் ஒருவருக்கே உரிமையாக்கப்பட்டது. ஆகவே கும்பினியின் வெற்றிகளை அவர் வியந்தே எழுதுகிறார். எனினும் காசி நாட்டில் போர் விளைத்த அழிவைக் கூறும்போது அவர் நெஞ்சம் இளகுகிறது. புரவலரின் முகத்தை ஒரு கண்ணும், தம் நாட்டு மக்களின் துயரை மற்றொரு கண்ணும் நோக்குவதை நாம் உணர்கிறோம். இன்னொரு குறையும் உண்டு. அவருக்கு முன் இந்தியாவைப் பற்றி எழுதிய ஐரோப்பியர் இருவரின் நூல்களிலிருந்து சில பகுதிகளை அவர் எடுத்தாண்டுள்ளார். நேரில் கண்டவர் கடன் வாங்க நேர்ந்தது ஏன்? படிப்போர் எதிர்பார்த்த இந்தியாவைத் தரவேண்டும் என்ற எண்ணமே காரணமாகலாம்.

1799ஆம் ஆண்டின் இறுதியில் அபூ தாலிப் கான் என்னும் இந்தியப் பயணி கார்க் நகருக்கு வந்தார். தீன் முகம்மதைச் சந்தித்தார். பின்னர்ப் பாரசீகத்தில் தாம் எழுதிய பயண நூலில் அவரையும் அவர் நூலையும் குறிப்பிட்டார். ஒரு பயண நூல் மற்றொரு பயண நூலில் இடம்பெற்றது! ஆயினும் தீன் முகம்மதின் நூல் அவர் வாழ்நாளில் மறுபதிப்புக் காணவில்லை. அவரும் இலண்டனுக்குப் பெயர்ந்து 1810இல் ஓர் இந்திய உணவுச்சாலை நடத்திப் பொருளிழந்தார். அதன்பின் பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் செய்து பெரும்புகழ் பெற்று, 1851இல் மறைந்தார். 1990களில் மைக்கேல் பிஷர் என்னும் வரலாற்றாசிரியர் முயன்ற பிறகே அந்நூல் மீண்டும் வாசகரிடம் வந்தது.

எக்வியானோவின் நூல் ஒன்பது பதிப்புக் கண்டது. தீன் முகம்மதின் நூல் ஒன்றோடு நின்றது. இருவருக்கும் நண்பர்கள் இருந்தனர். கையொப்பங்களின் தொகையும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு ஏன் இந்த வேற்றுமை? எக்வியானோ ஊர்தோறும் சென்றார் என்பது ஒரு காரணம். அவர் நண்பர்களைத் தம் நூலுக்காக மட்டும் திரட்டவில்லை, ஒரு நியாயத்துக்காகத் திரட்டினார் என்பது மற்றொரு காரணம். நூலை வாங்கியவர் அந்த நியாயத்திலும் பங்கு கொண்டார்; அதனால் அடுத்தவரிடமும் எடுத்துச் சொன்னார். தீன் முகம்மதின் நண்பர்களோ அவர்மீது கொண்ட மதிப்பால் வாங்கினர். வாங்கியதோடு அவர்கள் கடமை முடிந்தது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை பயணம் செய்வீர்கள், நூல் எழுதுவீர்கள், நீங்களே அச்சிடவும் கூடும். இன்று ஒருவர் இணையத்தின் வழியாக, முகம் காணாத நண்பர்களை உலகின் மூலைமுடுக்கெல்லாம் பெறலாம். நூற்கட்டைச் சுமந்து கடல் கடக்க வேண்டியதில்லை. வழிதான் மாறியிருக்கிறது, நட்பின் இயல்பு மாறவில்லை. நூல் அச்சான மறுநாள் நண்பர்களைத் தேடுபவனுக்கு விலை கொடுப்போர் கிடைப்பர். நண்பர் கிடைப்பது அரிது. பிறர் எழுதியதைப் படித்து, பிறர் முயற்சிக்குக் கைகொடுத்து வாழ்ந்தவனுக்கே தன் நூல் வரும் நாளில் பல கைகள் நீளும்.

நூலை வாங்கும் நண்பருக்கும் ஒரு கடமை உண்டு. முகமனுக்காகப் புகழ்வது நட்பாகாது. படித்துப் பார்த்து, நல்லதை நல்லதென்றும் குறையைக் குறையென்றும் கூறுவதே நட்பு. அத்தகைய நண்பர் பத்துப் பேர் இருந்தால் போதும். கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகக் கட்டுகள் ஒவ்வொன்றாக வாயிலைக் கடந்து செல்லும். அவை மீண்டும் மீண்டும் அச்சேறி வருவதும் வராததும், எழுதியவர் தாம் கண்டதையே எழுதினாரா என்பதைப் பொறுத்தது.