மறைக்கப்பட்ட சோதனைகளும் கேட்கப்படாத சம்மதமும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்துக் கம்பெனிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் சிலருக்கு ஓர் எதிர்பார்ப்பு வந்திருக்கும். "இங்கிலீஷ் மருந்தெல்லாம் ஏமாற்று, தாத்தா பாட்டி மருந்தே மேல்" என்று முடிப்பேன் என்று நினைத்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் தினமும் அதைத்தான் படிக்கிறோம். வேறு சிலர் நேர்மாறாக நினைக்கலாம்: "டாக்டருக்குத் தெரியாததா? எழுதிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே?" இந்த இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஆதாரத்தைக் காட்டு என்று இருவரும் கேட்பதில்லை. யார் சொன்னாலும் உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள் என்று சொன்ன பெரியாரின் வழியில் வந்தவர்கள் நாம். எனவே ஆதாரம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு மருந்து வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான மருந்து. இன்னொரு பிரிவுக்கு பிளாசிபோ எனப்படும் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் கணக்குப் பார்க்கிறார்கள். எதை வெற்றி என்று எடுத்துக்கொள்வது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். மனித இனம் கண்டுபிடித்த நல்ல முறைகளில் இதுவும் ஒன்று. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புதிய மருந்துகளைப் பொறுத்தவரை, பெரும்பாலான சோதனைகளுக்குப் பணம் கொடுப்பது அந்த மருந்தை விற்கப் போகிற கம்பெனிதான். கிடைக்கிற தரவு அந்தக் கம்பெனியின் சொத்து. எதை வெளியிடலாம், எதைப் பெட்டியில் போட்டுப் பூட்டலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. பரீட்சை எழுதிய பையனே தன் விடைத்தாளைத் திருத்தி, பிடித்த பக்கங்களை மட்டும் வாத்தியாரிடம் கொடுப்பது போன்றது இது.

இதனால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். மருத்துவ உலகில் "329ஆம் எண் ஆய்வு" என்றே அதற்குப் பெயர்.

1990களில் ஸ்மித்கிளைன் பீச்சம் என்ற கம்பெனி, பரோக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மொத்தம் 275 பிள்ளைகள். பெரியவர்களுக்கு அந்த மருந்து ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. பிள்ளைகளுக்கும் எழுதலாம் என்றால் சந்தை பெரிதாகும். முடிவு வந்தது. முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோல்கள் எதிலும் இந்த மருந்து வெற்று மாத்திரையை வெல்லவில்லை. கம்பெனிக்கு இது தெரியும். பலன் நிரூபிக்கப்படவில்லை என்று வெளியே சொன்னால் வியாபாரத்துக்கு ஒத்துவராது என்ற பொருளில் 1998ஆம் ஆண்டு உள் குறிப்பு ஒன்றே இருந்தது. பிற்பாடு அது வெளியே வந்தது.

ஆனால் 2001இல் அமெரிக்காவின் மதிப்புமிக்க குழந்தை மனநல மருத்துவ இதழில் 22 பேர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. மருந்து பலன் தருகிறது, பிள்ளைகள் நன்றாகத் தாங்கிக்கொள்கிறார்கள் என்றது கட்டுரை. எப்படி? தோற்றுப்போன அளவுகோல்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் புதிய அளவுகோல்களைக் கொண்டுவந்து அவற்றில் வெற்றி என்று காட்டினார்கள். கட்டுரையின் முதல் வரைவை எழுதியதும் அந்த 22 பேராசிரியர்கள் அல்லர். கம்பெனி காசு கொடுத்து அமர்த்திய ஓர் எழுத்து நிறுவனம் எழுதியது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மருந்து சாப்பிட்ட பிள்ளைகளில் சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் போக்கும் வந்தன. அவற்றை எந்தத் தலைப்பின் கீழ் எழுதினார்கள் தெரியுமா? "உணர்ச்சித் தடுமாற்றம்". அந்தச் சொல்லைப் படிக்கிற டாக்டருக்கு என்ன தோன்றும்? பையன் கொஞ்சம் அழுதிருப்பான் என்றுதான் தோன்றும். ஓர் உயிர் ஆபத்தை ஒரு சொல்லுக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

2003இல் பிரிட்டன், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றது. 2004இல் நியூயார்க் மாநில அரசு வழக்குப் போட்டது. இதற்குள் கம்பெனி இணைந்து கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் ஆகியிருந்தது. 2012இல் இந்த மருந்தைப் பிள்ளைகளுக்கு என்று சட்டவிரோதமாக விற்றது உட்படப் பல குற்றங்களை ஒப்புக்கொண்டும் வேறு பல புகார்களைத் தீர்த்துக்கொண்டும் 300 கோடி டாலர் கட்டியது. ஆனால் கட்டுரை மட்டும் அப்படியே நின்றது. திரும்பப் பெறுங்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தும் இதழ் மறுத்துவிட்டது.

அப்புறம் சில ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கம்பெனியிடம் போராடி மூலத் தரவைப் பார்க்க அனுமதி வாங்கினார்கள். சுமார் 77,000 பக்கங்கள். அதைத் தரவிறக்க முடியாது. கம்பெனி திறந்துவிட்ட ஒரு கணினித் திரை வழியாக மட்டுமே பார்க்கலாம். உட்கார்ந்து பார்த்தார்கள். 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மறு ஆய்வு வெளிவந்தது. மருந்து பலன் தரவில்லை, பாதுகாப்பானதும் அல்ல. பரோக்ஸெடின் எடுத்த 93 பேரில் 11 பேருக்குத் தற்கொலை சார்ந்த அல்லது தன்னைக் காயப்படுத்தும் நடத்தை. வெற்று மாத்திரை எடுத்த 87 பேரில் ஒருவருக்கு. அதே பிள்ளைகள், அதே தாள்கள். கம்பெனியின் கண்ணுக்குப் பதிலாக வெளியாள் கண் பார்த்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏதோ ஒரு கம்பெனி, ஒரு மருந்து" என்று நீங்கள் சொல்லலாம். எரிக் டர்னர் என்ற மனநல மருத்துவர் அதையும் சோதித்துப் பார்த்தார். அவர் முன்பு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் வேலை பார்த்தவர். கம்பெனிகள் அங்கே எல்லாச் சோதனைகளையும் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 12 மனச்சோர்வு மருந்துகளுக்கான 74 சோதனைகளை எடுத்து, அவற்றில் எவை இதழ்களில் வந்தன என்று ஒப்பிட்டார். 2008இல் வெளியிட்டார். எஃப்.டி.ஏ. கணக்கில் வெற்றி பெற்ற சோதனைகள் 38. அவற்றில் 37 அச்சாயின. தோற்றவையும் சந்தேகத்துக்கு உரியவையும் 36. அவற்றில் 22 அச்சாகவே இல்லை. 11 வெற்றி போலத் திரித்து அச்சாயின. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்றே மூன்று.

இதழ்களை மட்டும் படிக்கிற டாக்டருக்கு 94 சதவீதம் வெற்றி தெரியும். உண்மையில் 51 சதவீதம். டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் நேர்மையாகப் படித்துவிட்டு நேர்மையாகத்தான் எழுதிக் கொடுக்கிறார். அவர் கைக்கு வந்த அறிவே பாதி மறைக்கப்பட்ட அறிவு. இந்த மருந்துகள் பயனற்றவை என்று டர்னர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பலன் உண்டு, ஆனால் ஊதிப் பெரிதாக்கிக் காட்டப்பட்டது என்பதே அவர் கண்டது. இங்கே யாராவது மனநல மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து.

கனடாவின் செர்ஜியோ சிஸ்மோண்டோ என்ற பேராசிரியர் இந்த ஏற்பாட்டையே பல ஆண்டுகள் ஆராய்ந்து 2018இல் ஒரு நூல் எழுதினார். எந்தச் சோதனை நடத்துவது, யார் எழுதுவது, எந்தப் பேராசிரியர் பெயரைப் போடுவது, எந்த இதழுக்கு அனுப்புவது, மாநாட்டில் யாரைப் பேச வைப்பது எனச் சங்கிலி முழுவதும் பின்னாலிருந்து நடத்தப்படுகிறது என்று அவர் காட்டுகிறார். லஞ்சம், மிரட்டல் எல்லாம் இதில் சின்ன விஷயம். அறிவு உற்பத்தியாகிற இடத்திலேயே உட்கார்ந்துகொள்வதுதான் பெரிய வியாபாரம்.

இதுவரை சொன்னது வெளிநாட்டுக் கதை. நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தரவு மறைக்கப்படுவதற்கு முன்பே இன்னொன்று பறிக்கப்பட்டது. உடம்பைக் கொடுப்பவரின் சம்மதம்.

2009இல், அன்று ஆந்திராவிலும் இன்று தெலங்கானாவிலும் இருக்கிற கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள் சேர்ந்து நடத்தின. தடுப்பூசியை மெர்க், கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. கம்மத்தில் யாருக்குப் போட்டார்கள்? பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள், தலித் பிள்ளைகள்.

இரண்டு மாநிலங்களிலும் ஏழு பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமா போன்ற பெண்கள் நல அமைப்புகள் பத்ராசலம் பகுதிக்கு நேரில் போய் விசாரித்தன. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசி கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. எச்.பி.வி. தடுப்பூசி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கிறது என்பதற்கு உலகெங்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த நோயில் அதிகம் சாவது ஏழைப் பெண்கள். அவர்களுக்கு அந்தத் தடுப்பூசி வேண்டும்.

பிறகு என்ன குற்றம்? 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் அதை எழுதியது. ஆந்திராவில் பார்த்த 9,543 சம்மதப் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் கைநாட்டு. பிள்ளைகளுக்குப் பின்னால் என்ன ஆகிறது என்று தொடர்ந்து கவனிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை. ஒழுங்கான ஏற்பாடு இல்லாத இடத்தில், மரணத்துக்குக் காரணம் இது, அது அல்ல என்று அந்தத் தாய்க்கு எப்படி உறுதியாகச் சொல்வது? இது சோதனையே அல்ல, "செயல்விளக்கத் திட்டம்" என்று நடத்தியவர்கள் வாதாடினார்கள். சோதனைதான் என்றது நிலைக்குழு. அங்கே "உணர்ச்சித் தடுமாற்றம்"; இங்கே "செயல்விளக்கம்". பெயரை மாற்றிவிட்டால் பொறுப்பும் மாறிவிடுகிறது.

சிகாகோ பல்கலைக்கழக மானுடவியலாளர் கௌஷிக் சுந்தர் ராஜன், 2017இல் வந்த தன் நூலில் இந்த நிகழ்வை விரிவாக எடுத்துப் பேசுகிறார். நம் பங்குக்கு ஒரு கேள்வி கேட்போம். சென்னையிலோ ஐதராபாத்திலோ பெரிய தனியார் பள்ளி ஒன்றில், பெற்றோரிடம் கேட்காமல் வாட்ச்மேன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஊசி போட்டிருப்பார்களா? அடுத்த நாளே பள்ளி வாசலில் கார்கள் நின்றிருக்கும். விடுதிப் பிள்ளையின் அப்பா காட்டிலோ கூலி வேலையிலோ இருப்பார், அவர் கேட்க மாட்டார் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? அந்தத் துணிச்சலுக்கு நம் நாட்டில் வயது அதிகம். யார் உடம்பை யாரும் தொடலாம், யார் சம்மதத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை என்று வகுத்து வைத்தது சாதிதான்.

யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று அறிவுக்கு வேலி போட்டதும் அதே சாதிதான். அந்த வேலியை உடைத்துத்தான் நாம் இந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். மருந்துச் சோதனைத் தரவு "வணிக ரகசியம்" என்று ஒரு கம்பெனி சொல்லும்போது நமக்கு அதுதான் நினைவுக்கு வர வேண்டும். 275 பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் நாளைக்கு வேறு பிள்ளைகளுக்கு நல்லது நடக்கும் என்று நம்பித்தானே உடம்பைக் கொடுத்தார்கள்? அவர்கள் உடம்பிலிருந்து பிறந்த அறிவு எப்படி இன்னொருவரின் ரகசியமாகும்?

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கம்பெனிகளின் மோசடியைக் காட்டி, "பார்த்தீர்களா, நவீன மருத்துவமே பொய்" என்று கடை விரிக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். நவீன மருத்துவத்தை இழிவுபடுத்தித் தவறான விளம்பரம் செய்ததற்காக பதஞ்சலி நிறுவனம் 2024இல் உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. பரோக்ஸெடின் பொய்யை உடைத்தது மந்திரமோ மூலிகையோ அல்ல. அதே அறிவியல் முறையைக் கம்பெனியைவிட நேர்மையாகப் பின்பற்றியவர்கள். நம் மரபும் அந்தப் பக்கம்தான். 1897இல் புனேவில் பிளேக் பரவியபோது, சாவித்ரிபாய் புலே நோயாளிகளைச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்த்து, அதே நோய் தொற்றி உயிர் விட்டார். சிகிச்சை கொடுத்தவர் அவர் மகன் டாக்டர் யஷ்வந்த்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. இந்தியாவில் 2009 முதல் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். பதிந்தால் போதாது, ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவையும் அங்கேயே வெளியிட வேண்டும். நோயாளியின் பெயர், அடையாளத்தை நீக்கிவிட்டு மூலத் தரவை வெளி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பெற்றோர் இருக்க, காப்பாளர் கையெழுத்து சம்மதமாகாது. பாதிக்கப்பட்டவருக்கு உரிய இழப்பீடு, கேட்காமலே போய்ச் சேர வேண்டும்.

இங்கே மருத்துவம், நர்சிங், பார்மசி படிக்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர். நாளைக்கு உங்கள் மேசைக்கு ஒரு பளபளப்பான கட்டுரையைக் கம்பெனிப் பிரதிநிதி கொண்டுவந்து வைப்பார். மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குக் காசு கொடுத்தது யார்? தொடங்கும் முன் எதை அளப்பதாகப் பதிந்திருந்தார்கள்? இதே மருந்துக்கு அச்சாகாத சோதனை ஏதாவது உண்டா? சம்மதப் படிவம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், கைநாட்டு வைக்கப்போகிற அம்மாவிடம் அவர் மொழியில், அவருக்குப் புரிகிற வரை, எத்தனை முறை ஆனாலும் படித்துச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், வேண்டாம் என்றே எழுதுங்கள்.