அகல் விளக்கும் அகன்ற லென்ஸும்

தில்லியில் குடியேறிய தமிழர் வீடுகளுக்குக் கார்த்திகை மாலை ஒரு சோதனை. மாடி விளிம்பில் வரிசையாக வைத்த அகல்களைக் குளிர்காற்று ஒவ்வொன்றாக அணைக்கும். நாமும் சளைக்காமல் ஏற்றுவோம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மாலை ஒன்றில், விளக்கேற்றிக்கொண்டிருந்த என் தாயாரைப் பிளாஷ் விளக்கின் துணையோடு படம் எடுத்தேன். படத்தில் அம்மா இருந்தார், கார்த்திகை இல்லை. முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. சுடர் வெறும் வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கியிருந்தது. பெரிய வெளிச்சம் சிறிய வெளிச்சத்தை விழுங்கிவிட்டது.

அன்பர்களே, இவ்விரண்டு வெளிச்சங்களின் வேற்றுமையைத் தில்லி மாநகர் முன்பே கண்டிருக்கிறது. காந்தியடிகள், தம்மைப் படமெடுக்க விரும்பிய உறவினரான கனு காந்திக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தார்: பிளாஷ் கூடாது, இப்படி நில்லுங்கள் என்று கேட்கக் கூடாது, ஆசிரமத்தின் பணம் செலவாகக் கூடாது. 1948 ஜனவரி 30 அன்று அடிகள் மறைந்தபோது, இன்று காந்தி ஸ்மிருதி எனப்படும் பிர்லா மாளிகைக்கு மார்கரெட் பர்க்-வைட் என்ற அமெரிக்கப் பெண்மணி வந்தார். அவர் பயன்படுத்திய பிளாஷ் ஒளி, துயரில் ஆழ்ந்திருந்தோரைச் சினங்கொள்ளச் செய்தது. அவர் வெளியேற நேர்ந்தது. பிரெஞ்சுக்காரரான கார்த்தியே-பிரெஸ்ஸோனோ, கையடக்கமான லைக்கா காமிராவைக் கொண்டு, மாளிகையின் வாயிலில் நேரு அத்துயரச் செய்தியை அறிவித்த காட்சியை அங்கிருந்த ஒளியிலேயே பதிவு செய்தார். உருவங்கள் சற்றுக் கலங்கியே இருக்கின்றன. ஆயினும் அவ்விரவின் இருள் அப்படியே இருக்கிறது.

இருக்கும் ஒளியே போதும் என்று துணிந்தால், வழி இரண்டு. விரைவில் ஒளியை ஏற்கும் படச்சுருளை நாடலாம். ஆனால் அதன் வெள்ளி மணிகள் பருத்தவை. முகத்தின் நுண்மை கெடும். மெதுவான சுருளின் மணிகள் நுண்ணியவை; அதற்கு ஒளி மிகுதியாக வேண்டும். அவ்வொளியைத் தருவது அகன்ற வாயுடைய லென்ஸ். ஜெர்மனியில் லுட்விக் பெர்டெலே என்பவர் வகுத்து, 1932-இல் வெளிவந்த எஃப் 1.5 சோனார் அத்தகையது. ஏழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டி அமைத்தார் அவர். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் குறைந்தமையால், உள்ளே சிதறி வீணாகும் ஒளியும் குறைந்தது. எஃப் 3.5 லென்ஸைவிட அது ஐந்து மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும்.

அத்தகைய பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி, ஐ.எஸ்.ஓ. 50 அளவுள்ள கறுப்பு வெள்ளைச் சுருளை இட்டு, அடுத்த கார்த்திகைக்குக் காத்திருந்தேன். எட்டு அகல்களின் ஒளியில் எட்டில் ஒரு நொடி தேவைப்பட்டது. சாதாரண லென்ஸாக இருந்தால் ஏறக்குறைய முக்கால் நொடி ஆகியிருக்கும். முதியவர் ஒருவர் அவ்வளவு நேரம் அசையாதிருப்பது அரிது. ஆனால் அகன்ற வாய்க்கு ஒரு விலை உண்டு. ஒரு மீட்டர் தொலைவில், தெளிவாக விழும் ஆழம் இரண்டு விரற்கடை அளவே. கண்ணைக் குறிவைத்தால் காது மங்கும். அம்மா சற்றே முன்னால் சாய்ந்தால் கண்ணும் மங்கும். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி, அவர் எண்ணெய் வார்த்துவிட்டுச் சுடரைப் பார்த்து நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்தேன்.

"இன்னும் எத்தனை நாழி இப்படி இருக்க வேண்டும், அப்பா?" என்றார் அம்மா.

முப்பத்தாறு படங்களில் நான்கில்தான் கண் தெளிந்திருந்தது. அவற்றுள் ஒன்றில் சுடரின் ஒளி கன்னத்துச் சுருக்கங்களில் ஏறி நிற்கிறது. பின்னாலிருந்த தில்லி இருளில் கரைந்துவிட்டது. அது எந்த ஊர் மாடி என்று சொல்ல முடியாது. தஞ்சை மாவட்டத்து எங்கள் வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம். அடுத்த கார்த்திகைக்கு அம்மா இல்லை.

இந்தக் காமிராவும் லென்ஸும் எல்லாருக்கும் வேண்டுமென்பதில்லை. உங்கள் இல்லத்துப் பெரியவர் விளக்கேற்றும்போது கூடத்து மின்விளக்கைச் சற்று அணைத்துவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள். அந்தச் சிறிய ஒளி போதுமானதே. காத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.