எலும்பின் உறுதியை அளத்தல்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் வரலாறும் வாழ்த்தும் பேசுவது வழக்கம். நாம் இன்று ஓர் அறிவியற் செய்தியை எடுத்துக்கொண்டோம். மனித எலும்பில் மிக நுண்ணிய குழி ஒன்றைப் பதித்து, அதன் உறுதியை அளந்தறியும் முறையே அது.

எலும்போடு நம் மக்களுக்குப் பழைய உறவு உண்டு. இறந்த மாட்டை அகற்றியவர்களும், தோலை உரித்தவர்களும், சுடுகாட்டில் பிணம் எரித்தவர்களும் நம் முன்னோர்களே. அத்தொழிலை அவர்கள்மேல் சுமத்திய சமூகம், அதனையே காரணம் காட்டி அவர்களைத் தீண்டத்தகாதவர் என்றது. ஆனால், 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டித மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்து உடற்கூறு ஆய்ந்தபோது, அது பெருந்துணிவு என்று போற்றப்பட்டது. இறந்த உடலைத் தொடுதல் என்னும் ஒரே செயல் ஒருவருக்கு இழிவையும் மற்றொருவருக்குப் புகழையும் தந்தது. இடையில் நின்ற வேறுபாடு சாதியும் கல்வியுமே. ஆகவே எலும்பைப் பற்றிய அறிவை நாம் உரிமையோடு கற்க வேண்டும்.

எலும்பு வெறும் சுண்ணாம்புக் கட்டியன்று. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த தாது. எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நாரும் நீரும். கோழிக்கால் எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊறவிடுங்கள். தாது கரைந்து போக, எலும்பு ரப்பர்போல் வளையும். மற்றோர் எலும்பை நெருப்பில் நன்றாகச் சுடுங்கள். நார் எரிந்து போக, அது தட்டினால் பொடியாகும். தாது கடினத்தைத் தருகிறது. நார் முறியாத தன்மையைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தாலன்றி எலும்பு இல்லை.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். சந்தையில் சுரைக்காய் வாங்கும் தாய்மார்கள் நகத்தை இலேசாகப் பதித்துப் பார்க்கின்றனர். நகம் எளிதில் இறங்கினால் பிஞ்சு, இறங்காவிட்டால் முற்றல். குழிவுச் சோதனையின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. 1900-இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல், எஃகுக் குண்டை உலோகத்தில் அழுத்திக் குழியின் அகலத்தை அளந்தார். பின்னர் 1920-களில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில், குண்டுக்குப் பதிலாக வைரத்தால் ஆன கூம்பைப் பயன்படுத்தும் முறை உருவாயிற்று. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 136 பாகைக் கோணம் கொண்ட அந்த நான்முகக் கூம்பு பதித்த குழியின் மூலைவிட்டங்களை நுண்ணோக்கியால் அளந்து, செலுத்திய சுமையைக் குழியின் பரப்பால் வகுத்தால் கடினத்தன்மை எண் கிடைக்கும்.

எலும்புக்கு ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த சுமையே போதுமானது. குழி மிகச் சிறிதாதலின், எலும்பின் நுண் உறுப்புகளைத் தனித்தனியே சோதிக்க இயலும். நம் எலும்பு வாழ்நாள் முழுவதும் பழையது கரைந்து புதியது கட்டப்படும் பொருள். புதிதாகக் கட்டப்பட்ட பகுதியில் தாது குறைவு. இடையில் எஞ்சிய பழைய பகுதியில் தாது மிகுதி. பழைய பகுதியே கடினமானது என்பதைக் குழியின் அளவு காட்டிவிடுகிறது. காய்ந்த எலும்பு ஈர எலும்பைவிடக் கடினமாகத் தோன்றும் என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது. அன்றியும், சுமையை மெல்ல விலக்கும்போது குழி எவ்வளவு மீள்கிறது என்பதைப் பதிவு செய்து, மீட்சித் தன்மையையும் கணக்கிடலாம். அதற்கான கணக்கு முறையை 1992-இல் ஆலிவர், ஃபார் என்னும் இருவர் வகுத்தனர்.

இவை எல்லாம் வெட்டியெடுத்த எலும்பில் செய்யப்பட்டவை. உயிரோடிருப்பவரை எவ்வாறு சோதிப்பது? அமெரிக்காவில் சாண்டா பார்பரா நகரத்துப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலார் பால் ஹான்ஸ்மா குழுவினர் இதற்கெனக் கையடக்கமான கருவிகளை அமைத்தனர். முழங்காலுக்குக் கீழே, முன்புறம் தோலுக்கு அடுத்தாற்போல் உள்ள எலும்பே சோதிக்கும் இடம். அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நுண்ணிய ஊசியை எலும்புவரை செலுத்திப் பதிக்கின்றனர். ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவர்களோடு இணைந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்புப்புரையால் முறிவு கண்ட பெண்களின் எலும்பில் ஊசி மற்றவர்களைவிட ஆழமாக இறங்கியது தெரிந்தது.

இதனால் விளையும் பயன் யாது? மருத்துவமனையில் எக்ஸ் கதிரால் எடுக்கும் அடர்த்திப் படம், எலும்பில் தாது எவ்வளவு என்பதைச் சொல்லும். எலும்பின் தரத்தை முழுமையாகச் சொல்லாது. நீண்டகால நீரிழிவு உள்ளவர்க்கு அடர்த்தி சரியாகவே இருந்தும் எலும்பு முறிவது மருத்துவர்க்குப் புதிராக இருந்தது. 2014-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்ற 60 பெண்களைச் சோதித்தனர். நீரிழிவு உடையவர்களின் எலும்பு வலிமைக் குறியீடு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்திருந்தது. சர்க்கரை நோய் நம் குடிசைகளிலும் புகுந்துவிட்ட இந்நாளில், இது நம் தாய்மார்களின் இடுப்பெலும்பைப் பற்றிய செய்தியுமாகும்.

எனினும் மிகைப்படக் கூறுதல் அறிவியல் ஆகாது. ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை. கடினத்தன்மை வேறு, முறியாத்தன்மை வேறு. கண்ணாடி கடினமானது, ஆயினும் உடைகிறது. எனவே இம்முறை அடர்த்திப் படத்திற்குத் துணையேயன்றி மாற்றன்று.

இளைஞர்களே! இத்துறையில் மருத்துவர் மட்டும் இல்லை. இயற்பியல் படித்தவர், கணக்கு அறிந்தவர், கருவி கடையும் தொழிலாளர் அனைவரும் உள்ளனர். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு கணக்கையும் இயற்பியலையும் அஞ்சி விட்டுவிடுகின்றனர். அவர்களுக்கு அறிவில் குறைவில்லை. தொட்டுப் பார்க்கக் கருவி இல்லாமையே குறை. சங்கத்தாருக்கு நமது வேண்டுகோள் ஒன்று. வெள்ளி விழாவின் நினைவாக ஒரு நுண்ணோக்கியும், சில எஃகுக் குண்டுகளும், எடைக்கற்களும் வாங்கி மாலை வகுப்பில் வையுங்கள். மெழுகிலும் சோப்பிலும் குண்டை அழுத்திக் குழியை அளந்து பார்க்கட்டும் பிள்ளைகள். எலும்பைத் திரட்டிய கைகளின் வழிவந்த கைகள், எலும்பை அளந்து உலகுக்கு உரைக்கட்டும்.