முட்புதரில் செங்காந்தள்

ஐப்பசி மழை விழுந்ததும் கோடியக்கரை காட்டுப் பாதையில் நடந்தால், முட்புதர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நம் மாநில மலரான செங்காந்தள் பூத்திருக்கும். ஆறு இதழ்களும் தீச்சுடர்போல மேல்நோக்கி வளைந்திருக்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், நாளாக ஆகச் சிவப்பு. பூ இல்லாத நேரத்திலும் அடையாளம் உண்டு: இலை நுனியே சுருண்டு கொம்பைப் பற்றியிருக்கும். கிழங்கு கடும் விஷம், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக வயலிலேயே இதைப் பயிரிடுகிறார்கள். அப்படியிருக்க, காட்டுக் கிழங்கைத் தோண்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திச் சேற்றோரம் கழிமுள்ளியைத் தேடுங்கள். ஊதாப் பூவுக்கு மேலுதடே கிடையாது, கீழுதடு மட்டும் அகலமாக விரியும். உடம்பில் சேரும் உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும் செடி இது.