வண்டி மெக்கானிக் படிப்பு: கட்டும் பணமும் கிடைக்கும் பலனும்

(பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு நம் அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடு வந்திருக்கிறீர்கள். பையனுக்கு மார்க் குறைவு, மெக்கானிக் வேலைக்காவது அனுப்பலாமா என்கிறீர்கள். அந்த ‘காவது’ எனக்குப் பிடிக்கவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற வண்டி எல்லாம் பி.எஸ். 6. பைக்கில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சென்சார் ஒன்று பழுதானால் மீட்டரில் விளக்கு எரியும். அதை ஸ்கேனர் போட்டுப் படிக்கத் தெரியாதவன், நல்ல பாகத்தையே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். காது வைத்து என்ஜின் சத்தம் கேட்டே கோளாறு சொன்ன மேஸ்திரிகள் நம் மேலப்பாளையத்தில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடமே இப்போது போய்க் கேளுங்கள், வயரிங் படிக்கத் தெரிந்த பையன் கிடைப்பானா என்று அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே படிக்க வேண்டும். எங்கே, எவ்வளவு கொடுத்து என்பதுதான் விஷயம்.

போன வருஷம் ஒரு குடும்பம் நம் அலுவலகத்துக்கு வந்தது. ஒரு தனியார் நிலையத்தில் ஒரு வருட ஆட்டோமொபைல் படிப்பு, அட்வான்ஸ் கட்ட நகையை அடகு வைக்கப் போகிறோம், மீதியை நீங்கள் தர முடியுமா என்றார்கள். நானும் இன்னொரு சகோதரரும் நேரில் போய்ப் பார்த்தோம். வரவேற்பறையில் ஏசி இருந்தது. பயிற்சிக்கூடத்தில் குறுக்கே வெட்டிப் பெயின்ட் அடித்த ஒரு என்ஜின் மேசை மேல் இருந்தது. ஓடுகிற வண்டி ஒன்றுகூட இல்லை. தருகிற சான்றிதழ் அவர்களே அச்சடித்தது. நகை வீட்டிலேயே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாத் தனியார் நிலையமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நன்றாக நடத்துகிற தனியார் ஐடிஐக்கள் உண்டு. ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள். மத்திய அரசின் பயிற்சித் துறையான டிஜிடியின் இணைப்பு இந்த நிலையத்துக்கு உண்டா? நிலையத்துக்கு இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேர்க்கப் போகும் இந்தத் தொழிற்பிரிவுக்கே உண்டா? இருந்தால்தான் முடிவில் தேசியத் தொழிற்சான்றிதழ் வரும். பிறகு பட்டறையை உள்ளே போய்ப் பாருங்கள். பையன்களின் கையில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். இதில் வரும் கட்டணமும் கூலியும் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொள்பவை. உங்கள் நிலவரத்தைப் போட்டு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத் தனியார் படிப்புக்குக் கட்டணம் 80,000 ரூபாய் என்று வையுங்கள். பஸ், சாப்பாடு மாதம் 2,000 வீதம் 24,000. அதே பையன் பட்டறைக்குப் போயிருந்தால் மாதம் 6,000 வாங்கியிருப்பான், அது 72,000. இந்த மூன்றாவது தொகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தம் 1,76,000. படித்து முடித்தவனுக்குப் பட்டறையில் பழகிய கூட்டாளியைவிட மாதம் 3,000 கூடுதலாகக் கிடைத்தாலும், போட்டது திரும்ப ஏறக்குறைய 59 மாதம் ஆகும். ஐந்து வருஷம்! கூட்டாளியும் அந்த ஐந்து வருஷம் சும்மா நிற்கப் போவதில்லை, அவனும் வேலை கற்றுக்கொண்டே இருப்பான்.

இப்போது அரசு ஐடிஐயில் இரண்டு வருட மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவைப் பாருங்கள். பயிற்சிக் கட்டணம் இல்லை. பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம் அரசு தருகிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருடத்துக்கு 18,000. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000, அது 24,000. சாப்பாட்டுச் செலவு மாதம் ஆயிரம் என்றால் 24,000 போகிறது, 42,000 வருகிறது. கையிலிருந்து ஒன்றும் போகவில்லை.

ஆனால் இரண்டு வருஷக் கூலி, 1,44,000 ரூபாய், வீட்டுக்கு வராது. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. இலவசம் இலவசம் என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். வாப்பா இல்லாத வீட்டில், உம்மா பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் வீட்டில், அந்த மாதம் 6,000 தான் அரிசியும் வாடகையும். அதனால்தான் பையன் முதல் வருஷம் பாதியில் நின்றுவிடுகிறான். நம் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கட்டண உதவி கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்காமல், இலவசமாகப் படிக்கிற இந்தப் பையன்களின் வீட்டுக்கு மாதா மாதம் ஒரு தொகையை, வருகைப் பதிவைப் பார்த்து, 24 மாதம் கொடுங்கள். ஒரு தனியார் கட்டணத்துக்குக் கொடுக்கும் பணம் இங்கே ஒரு பையனை முழுப் படிப்பும் நிற்க வைக்கும்.

இரண்டு வருஷச் சான்றிதழுக்கு வேறு பலனும் உண்டு. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ படித்தவர், தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. ஒரு வருடத்தில் முடிய வேண்டும் என்றால் டீசல் மெக்கானிக், இருசக்கர வாகன மெக்கானிக் பிரிவுகள் இருக்கின்றன. அரசு 71 ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 4.0 தரத்துக்கு மாற்றியதில் மின்சார வாகன மெக்கானிக் பிரிவும் வந்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டரில் என்ஜின் ஆயில் கிடையாது, கிளட்ச் கிடையாது. பிரேக், டயர், சஸ்பென்ஷன், வயரிங், பேட்டரி வேலை இருக்கிறது. இன்று 16 வயதில் சேருகிறவன் இன்னும் நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்க வேண்டியவன் என்பதை நினைத்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

ஐடிஐ முடித்த மறுநாளே முழு மெக்கானிக் ஆகிவிட மாட்டான். அப்ரண்டிஸ் பயிற்சி ஒரு வருடம் அவசியம் போகட்டும். 2019இல் திருத்திய விதி ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு மாதம் குறைந்தது 7,000 என்று நிர்ணயித்தது. தொகை சிறிது என்று பெற்றோர்தான் தடுக்கிறீர்கள். பெரிய சர்வீஸ் சென்டரில் விலையுயர்ந்த ஸ்கேனரைத் தொட அந்த ஒரு வருஷத்தில்தான் கிடைக்கும்.

அரபு நாட்டுக் கனவையும் சொல்ல வேண்டும். பத்தாவது தேறாத பையனின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவை என்று வரும். தேறியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. சவூதிக்குப் போகிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் இங்கேயே திறன் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று வந்துவிட்டது. ‘மச்சான் அங்கே இருக்கார், பார்த்துக்குவார்’ என்பது இனிமேல் நடக்காது. அதனால் பத்தாவதில் ஒன்றிரண்டு பாடம் போனவனை நாளைக்கே பட்டறையில் விடாதீர்கள். துணைத்தேர்வு எழுத வையுங்கள். 14 வயது ஆகாத பையனைப் பட்டறையில் விடுவது சட்டப்படி குற்றம், அதற்குக் காரணம் சொல்லி என்னிடம் வர வேண்டாம்.

ஏற்கெனவே பல வருஷமாகப் பட்டறையில் இருக்கும் வாலிபர்களுக்கும் வாசல் அடைக்கவில்லை. தகுந்த வயதும் அனுபவமும் இருந்தால் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். வேலை கையில் இருக்கிறது, காகிதம்தான் இல்லை. மேஸ்திரி எழுதித் தரும் அனுபவக் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

நமக்குப் பக்கம் பேட்டை அரசு ஐடிஐ. விண்ணப்பம் ஆன்லைனில்தான். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் வேண்டும். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு சாதிச் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். அது வீட்டில் இல்லை என்றால் இன்றைக்கே இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.